மூன்றே முக்கால் ஸ்டாருக்கு ஒரு கிளாஸ்

கிராஃப்ட் பீரை ருசி பார்த்து ஒப்பிடுவதுதான் தங்கள் பொழுதுபோக்கு என்று சொல்லிக்கொள்ளும் நண்பர்கள் எனக்கு ஒரு டஜன் பேராவது இருக்கிறார்கள். அத்தனை பேருக்கும் சேர்த்து இந்தக் கண்டனம். ராசாக்களா, நீங்கள் ருசி பார்க்கவில்லை. மார்க் போடுகிறீர்கள். இரண்டும் ஒன்றில்லை. இரண்டாவது வேலை முதல் வேலையைச் சாகடித்துக்கொண்டிருக்கிறது என்பதுதான் என் கட்சி.

ஆரம்பிக்கும் முன் வழக்கமான டிஸ்கி. எனக்கு 22 வயது, பெங்களூரில் பி.காம் கடைசி வருடம். யாரையும் குடிக்கச் சொல்லி இதை எழுதவில்லை. மதுவில் பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது என்று உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் தெளிவாகவே சொல்லிவிட்டது, அதோடு மல்லுக்கட்ட நான் டாக்டர் இல்லை. 21 ஆகாத தம்பிகள் இப்படியே எழுந்து போய் ஒரு டீ சாப்பிடலாம். குடிப்பதே தப்பு என்பவர்களோடும் எனக்குச் சண்டை இல்லை. அவர்கள் கட்சி தெளிவான கட்சி. என் சண்டை எல்லாம் "நாங்க சும்மா குடிக்கறதில்ல பாஸ், அப்ரிஷியேட் பண்றோம்" என்று சொல்லிவிட்டு அதைச் செய்யாதவர்களோடு.

சனிக்கிழமை சாயங்காலம் எந்த மைக்ரோப்ரூவரிக்கு வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள். ஒரு மரப்பலகையில் ஆறு குட்டி கிளாஸ் வரும். ஒவ்வொன்றிலும் நூறு மில்லி சொச்சம். முதலில் போட்டோ. பிறகு ஒரு வாய். கண்ணை மூடி ரெண்டு செகண்ட். "ம்ம்... த்ரீ பாயின்ட் செவன் ஃபைவ்." செல்போனில் தட்டு. அடுத்தது. ஆறாவது கிளாஸ் முடியும்போது முதல் கிளாஸ் எப்படி இருந்தது என்று கேளுங்களேன், போனைப் பார்த்துத்தான் சொல்வான். ஒரு வருடத்தில் 400 பீர் "முடித்தேன்" என்று பெருமை வேறு. முடித்தேனாம். செமஸ்டர் பேப்பரா அது?

எங்கள் மார்க்கெட்டிங் பாடத்தில் ஒரு கதை வரும், காமர்ஸ் படித்த எல்லோருக்கும் தெரிந்ததுதான். 1975ல் பெப்ஸிக்காரர்கள் அமெரிக்கக் கடைத்தெருக்களில் மேஜை போட்டு, பெயர் மறைத்த இரண்டு குட்டிக் கோப்பைகளைக் கொடுத்து எது பிடிக்கிறது என்று கேட்டார்கள். நிறைய பேர் கை காட்டியது பெப்ஸியை. கோக் ஆடிப்போய், கொஞ்சம் இனிப்பைக் கூட்டி, ஏறக்குறைய இரண்டு லட்சம் பேரிடம் ருசி பார்க்கச் சொல்லி, எல்லாம் பிரமாதம் என்று உறுதி செய்துகொண்டு 1985 ஏப்ரலில் 'நியூ கோக்' இறக்கியது. ஜனங்கள் கொதித்துப்போனார்கள். மூன்று மாதம் கூட ஆகவில்லை, ஜூலையில் பழைய கோக்கைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். இதற்குப் பல காரணம் சொல்வார்கள். பழைய கோக் மேல் இருந்த பாசம் பெரிய காரணம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இன்னொரு காரணம் நம் விஷயத்துக்கு நேராக வந்து உட்காருகிறது. ஒரு வாயில் ஜெயிப்பது இனிப்பு. ஒரு பாட்டில் முழுக்கக் குடிக்கும்போது அதே இனிப்பு திகட்டும். கோப்பையை மாற்றினால் தீர்ப்பும் மாறுகிறது.

இதை அப்படியே பீருக்குக் கொண்டுவாருங்கள். ஒரு வாயில் எது கத்தும்? ஆல்கஹால் அதிகமானது, இனிப்பு தூக்கலானது, ஹாப்ஸைக் கொட்டி மாம்பழ வாசனை அடிப்பது, காப்பிக்கொட்டை மாதிரி வறுத்த மால்ட் போட்டது. எது கத்தாது? ஒரு நல்ல பில்ஸ்னர். 1842ல் யோசஃப் க்ரோல் என்ற பவேரியாக்காரர் செக் நாட்டில் இருக்கும் பில்ஸன் ஊரில் காய்ச்சிய அந்தப் பொன்னிற லாகர்தான் இன்று உலகம் முழுக்க ஓடுகிற மஞ்சள் பீருக்கெல்லாம் பாட்டன். பில்ஸ்னர் உர்க்வெல் இன்றும் 4.4 சதவீதம்தான். ஊரின் மென்மையான தண்ணீர், ஸாட்ஸ் ஹாப்ஸ், கொஞ்சம் மால்ட் இனிப்பு, பின்னால் வந்து நாக்கைத் துடைத்துவிடும் கசப்பு. அதை அங்கே அரை லிட்டர் கிளாஸில், மேலே மூன்று விரல் தடிமனுக்கு ஈரமான நுரையோடு ஊற்றுவார்கள். அந்த பீர் தன் வேலையைக் காட்டுவது பாதி கிளாஸ் தாண்டிய பிறகு. அடுத்த வாய் கேட்க வைக்கிறதே, அதுதான் அதன் சாமர்த்தியம். அதை நூறு மில்லியில் ஊற்றி, டபுள் ஐபிஏவுக்கும் சாக்லேட் ஸ்டவுட்டுக்கும் நடுவில் வைத்து, "வாட்டரி மச்சி, த்ரீ" என்று மார்க் போடுகிறான் ஒருத்தன். அட பாவி! காரக்குழம்பு சாப்பிட்ட வாயோடு இளநீரைக் குடித்துவிட்டு "சப்புன்னு இருக்கு" என்கிற கேஸ் இது.

கொலோன் நகரத்துக் கோல்ஷ் கதையும் இதேதான். அங்கே கிளாஸே 200 மில்லிதான், ஆனால் நம் ஊர் டேஸ்டர் மாதிரி இல்லை. காலியாக ஆக சர்வர் கேட்காமலே அடுத்ததை வைத்துவிட்டு அட்டையில் ஒரு கோடு போடுவார். போதும் என்றால் அட்டையை எடுத்துக் கிளாஸ் மேல் மூடி வைக்க வேண்டும். அதாவது அந்த பீரை உருவாக்கியவர்கள் ஒரு மாலை நேரத்தை மனதில் வைத்து உருவாக்கியிருக்கிறார்கள். அந்த மாலையில் ஒரு நூறு மில்லியைக் கத்தரித்து எடுத்து அதற்கு மார்க் போடுவது, ஒரு பாட்டில் பத்து விநாடியைக் கேட்டுவிட்டு ராகம் பற்றிப் பேசுவது மாதிரி.

"டேய், ஒருத்தன் தப்பா போடலாம். ஆயிரம் பேர் சராசரி எப்படிடா தப்பாகும்?" என்று என் ரூம்மேட் கேட்டான். ஸ்டாட்டிஸ்டிக்ஸ் அரியர் வைத்திருப்பவன் கேட்கலாம், மன்னித்துவிடலாம். சராசரி சரியாக வர வேண்டுமென்றால் தப்புகள் இரண்டு பக்கமும் இருக்க வேண்டும். எல்லோரும் ஒரே பக்கம் சாய்ந்து தப்பு செய்தால் ஆயிரம் பேரைச் சேர்த்தாலும் அந்தச் சாய்வு கரையாது, இன்னும் உறுதியாகத் தெரியும், அவ்வளவுதான்.

சாய்வுக்கு ருசி மட்டும் காரணமில்லை. ஒரு பீர் அரிதாகக் கிடைக்கிறது என்றால் அதைத் தேடிப் போகிறவன் யார்? அந்த வகைக்கு ஏற்கெனவே பைத்தியமாக இருப்பவன். நான்கு மணி நேரம் க்யூவில் நின்றவன் "சுமார்" என்று எழுதுவானா? நின்ற காலுக்காவது 4.5 போடுவான். விலையும் அப்படித்தான். 2008ல் வெளியான ஒரு ஆய்வில் ஒரே ஒயினை 5 டாலர் என்று சொல்லியும் 45 டாலர் என்று சொல்லியும் கொடுத்தார்கள். 45 என்றபோது அதே ஒயின் அதிகம் பிடித்தது. பீரிலேயே இதைவிட அழகான சோதனை ஒன்று உண்டு. லியனார்ட் லீ, ஷேன் ஃப்ரெடரிக், டான் ஏரியலி மூவரும் 2006ல் வெளியிட்டது. எம்.ஐ.டி. பக்கத்து பப்களில் சாதா பீரையும், அதே பீரில் சில சொட்டு பால்ஸமிக் வினிகர் விட்டதையும் கொடுத்தார்கள். வினிகர் விஷயம் தெரியாதவர்களில் பாதிக்கு மேல் வினிகர் பீரே நன்றாயிருக்கிறது என்றார்கள். குடிக்கும் முன்பே சொல்லிவிட்டால் முகம் சுளித்தார்கள். குடித்து முடித்த பிறகு சொன்னால்? பிடித்தது பிடித்ததுதான், பெரிதாக மாறவில்லை. முன்கூட்டியே தெரிந்த சங்கதி நாக்கின் மேல் ஏறி உட்கார்ந்து அதையே மாற்றுகிறது. இப்போது யோசியுங்கள், வாயில் வைக்கும் முன்பே போனில் "4.31, ஆயிரம் பேர்" என்று பார்த்துவிட்டுக் குடிக்கிறவன் நாக்கில் எது ஏறி உட்கார்ந்திருக்கும்?

இதெல்லாம் சேர்ந்தால் என்ன பட்டியல் வரும்? ரேட்பீர், பீர் அட்வகேட், அன்டாப்ட் என்று எதை எடுத்தாலும் தலையில் இருந்தவை இம்பீரியல் ஸ்டவுட், பீப்பாயில் ஊறியது, டபுள் ஐபிஏ, பெல்ஜியத்து க்வாட்ருபிள் வகையறா. எட்டு சதவீதத்துக்குக் கீழே தேடினால் கண் வலிக்கும். இந்த இடத்தில்தான் எனக்குச் சிரிப்பு வருகிறது. எங்கள் ஊர் டாஸ்மாக் வாசலில் கேட்பது இரண்டே கேள்வி: "அண்ணே, கூலிங் இருக்கா? ஸ்ட்ராங் இருக்கா?" ரூபாய்க்கு எவ்வளவு போதை என்ற நேர்மையான கணக்கு அது. இந்தியாவில் விற்கிற பீரில் பெரும்பங்கு ஸ்ட்ராங் ஆனதும் அப்படித்தான். நம் நண்பர்கள் அந்த அண்ணன்களைப் பார்த்து மூக்கைச் சுளிப்பார்கள். ஆனால் 400 பீர் ருசி பார்த்து, நோட்ஸ் எழுதி, ஸ்டார் போட்டு, பேட்ஜ் வாங்கி, கடைசியில் இவர்கள் போய்ச் சேர்ந்த இடமும் ஸ்ட்ராங் பீர்தான். அந்த அண்ணன் ஒரே நாளில் வந்து சேர்ந்த இடத்துக்கு இவர்களுக்கு நாலு வருடம் ஆகியிருக்கிறது :-)

வெஸ்ட்வ்லெட்டரன் 12 கதை இந்தப் பைத்தியத்துக்குச் சரியான உதாரணம். பெல்ஜியத்தில் செயின்ட் சிக்ஸ்டஸ் மடத்துத் துறவிகள் காய்ச்சுவது, 10.2 சதவீதம். 2005ல் ரேட்பீர் பட்டியலில் அது உலகின் முதலிடம் என்று வந்தது. பத்திரிகைகளில் செய்தி வர, மடத்து வாசலில் கார்கள் வரிசை கட்டின, கையிருப்பு தீர்ந்தது. வேறு யாராவது இருந்தால் அடுத்த வருடமே இரண்டாவது ஃபேக்டரி போட்டிருப்பார்கள். துறவிகள் உற்பத்தியைக் கூட்ட மறுத்துவிட்டார்கள். மடம் நடக்கத் தேவையான அளவுக்குத்தான் காய்ச்சுவோம் என்றார்கள். போனில் முன்பதிவு, வண்டி நம்பர் பதிவு, மறுபடி விற்கக்கூடாது என்ற நிபந்தனை எல்லாம் வந்தது. 2012ல் கட்டட வேலைக்குப் பணம் தேவைப்பட்டபோது ஒரே ஒரு தடவை வெளிநாட்டுக்கு அனுப்பினார்கள், அவ்வளவுதான். ஒரு நம்பர் ஒன் மார்க்கைப் பார்த்துப் பயந்தவர்கள் என்று எனக்குத் தெரிந்து அவர்கள் மட்டும்தான்.

மற்றவர்கள் பயப்படுவதில்லை, பணிந்துவிடுகிறார்கள். இங்கேதான் இது வெறும் பொழுதுபோக்குச் சண்டையாக இல்லாமல் போகிறது.

நாங்கள் போகிற கடை ஒன்றில் (பெயர் வேண்டாம்) ஒரு ஷ்வார்ட்ஸ்பியர் போட்டுக்கொண்டிருந்தார்கள். கறுப்பு லாகர். பார்த்தால் ஸ்டவுட் மாதிரி இருக்கும், குடித்தால் லேசாக, ரொட்டியின் கருகிய ஓரம் மாதிரி ஒரு வாசனை, அஞ்சு சதவீதத்துக்கும் குறைவு. போன மழைக்காலத்தில் போனபோது பலகையில் பெயர் இல்லை. கவுண்ட்டரில் இருக்கும் அண்ணன் கிருஷ்ணகிரிக்காரர், நம்ம பாஷையில் பேசுவார். "அது ரேட்டிங் மூணே காலுக்கு மேல ஏறவே இல்ல தம்பி. ஓனர் எடுக்கச் சொல்லிட்டாரு. இப்ப அந்த டேங்க்ல மேங்கோ மில்க்ஷேக் ஐபிஏ போட்டிருக்கோம். ஒரு டேஸ்டர் தரவா?" என்றார். அதைக் காய்ச்சியவருக்கு எப்படி இருந்திருக்கும் என்று கேட்டேன். "அவருக்கு அதான் ரொம்பப் புடிச்சது. வேலை முடிஞ்சா அவரு குடிக்கறது அது மட்டும்தான்" என்றார்.

ஓனரைத் திட்டிப் பிரயோஜனமில்லை, அவர் கணக்கு எனக்குப் புரிகிறது. இன்வென்டரி டர்ன்ஓவர் என்று படிக்கிறோமே, அதுதான். ஆயிரம் லிட்டர் டேங்க் ஒன்று என்று வைத்துக்கொள்வோம். ஏல் வகை ரெண்டு வாரத்தில் தயார் என்றால் வருடத்துக்கு 26 தடவை அந்த டேங்க் சுழலும். லாகர் குளிரில் படுத்துக் கிடக்க வேண்டிய சாதி, ஆறு வாரம் என்றால் 8 தடவைதான். 26 ஆயிரம் லிட்டர் எங்கே, 8 ஆயிரம் எங்கே. லாகர் போடுகிற சின்னக் கடைக்காரர் ஏற்கெனவே நஷ்டக் கணக்கைத் தெரிந்தே தான் போடுகிறார், பெரும்பாலும் காய்ச்சுபவரின் ஆசைக்காக. அதன் மேல் நீங்கள் 3.25 என்று ஒரு கல்லை வைத்தால் அது எத்தனை நாள் தாங்கும்? ஒரு அளவுகோலையே இலக்காக வைத்துவிட்டால் அது அளவுகோலாக இருக்கும் தகுதியை இழந்துவிடும் என்பது எகனாமிக்ஸில் குட்ஹார்ட் பெயரால் சொல்லப்படுகிற விதி. 1975ல் இங்கிலாந்தின் பணக் கொள்கையைப் பற்றி அவர் சொன்னதிலிருந்து வந்தது. மாங்காய் மில்க்ஷேக் பீருக்கும் பொருந்தும் என்று அவர் எதிர்பார்த்திருக்க மாட்டார்.

மார்க் போடுகிற பலகை யாருடையது என்பதையும் கொஞ்சம் பார்க்கலாம். ரேட்பீர் 2000ல் ஆர்வலர்கள் தொடங்கியது. வாசனைக்கு 10, பார்வைக்கு 5, ருசிக்கு 10, வாயில் இருக்கும் உணர்வுக்கு 5, மொத்த அபிப்பிராயத்துக்கு 20 என்று ஐம்பதுக்குப் போடுவார்கள். பெரிய கம்பெனிகளின் தண்ணி பீருக்கு எதிராக நல்ல பீரைக் கண்டுபிடித்துச் சொல்வதுதான் நோக்கம். 2017 ஜூனில் ஒரு சங்கதி வெளியே வந்தது. உலகத்திலேயே பெரிய பீர் கம்பெனியான ஏபி இன்பெவ், தன் கிளை நிறுவனம் ஒன்றின் வழியாக அதில் பங்கு வாங்கி மாதக்கணக்கில் ஆகியிருந்தது. பட்வைசர், ஸ்டெல்லா, ஹோகார்டன் விற்கிறார்களே, அவர்கள்தான். 2011லேயே சிகாகோவின் கூஸ் ஐலண்டை 38.8 மில்லியன் டாலருக்கு வாங்கி, கிராஃப்ட் மார்க்கெட்டுக்குள் நுழைந்துவிட்டவர்கள். டாக்ஃபிஷ் ஹெட் ப்ரூவரியின் சாம் கலஜியோன் "எங்கள் பீர்களின் மார்க்கை உங்கள் தளத்திலிருந்து எடுத்துவிடுங்கள்" என்று வெளிப்படையாகவே கேட்டார். நியாயம்தானே? பரீட்சை எழுதுகிறவனே பேப்பர் திருத்துகிற ஆபீஸில் பங்குதாரர் என்றால் ஆடிட்டிங் பேப்பரில் இதற்கு இரண்டு பக்கம் பதில் எழுதச் சொல்வார்கள். மார்க்கைத் திருத்தினார்கள் என்று நான் சொல்லவில்லை. திருத்தத் தேவையே இல்லை. எந்த ஊரில் எந்த வகைக்கு மவுசு ஏறுகிறது என்று லட்சக்கணக்கான ஆட்கள் இலவசமாக எழுதித் தருகிறார்கள், அதைவிட ஒரு கம்பெனிக்கு வேறென்ன வேண்டும்? 2019ல் முழுசாக வாங்கினார்கள். 2025 பிப்ரவரி முதல் தேதி மூடிவிட்டார்கள். இருபத்தைந்து வருடம் ஜனங்கள் உட்கார்ந்து எழுதிய குறிப்பு. ஒரு கையெழுத்தில் கடை மூடியாயிற்று.

எதிர்க்கட்சி வாதம் ஒன்று நேர்மையானது, அதைத் தாண்டிப் போகக்கூடாது. "மார்க்கே இல்லாவிட்டால் புதிதாக வருகிறவனுக்கு எப்படித் தெரியும்? மைக்கேல் ஜாக்சனே ஸ்டார் போட்டாரே?" பாடகர் இல்லை, இவர் 2007ல் மறைந்த இங்கிலாந்து பீர் எழுத்தாளர். 1977ல் வந்த அவருடைய உலக பீர் வழிகாட்டிதான் பீரை வகை வகையாகப் பிரித்துப் பேசலாம் என்று நிறைய பேருக்குக் கற்றுக்கொடுத்தது. ஆமாம், தன் பாக்கெட் வழிகாட்டியில் அவரும் ஸ்டார் போட்டார். ஆனால் அந்த மனிதர் ஊருக்குப் போனார், காய்ச்சுபவரோடு உட்கார்ந்தார், அந்த ஊரில் அதை எந்தச் சாப்பாட்டோடு குடிக்கிறார்கள், ஏன் அந்தத் தண்ணீரில் அது அப்படி வருகிறது என்று பக்கம் பக்கமாக எழுதினார். ஸ்டார் அந்தப் பக்கத்தின் ஓரத்தில் இருந்த ஒரு அடையாளம். நம் ஆட்கள் பக்கத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு ஓரத்தை மட்டும் வைத்துக்கொண்டார்கள்.

மார்க்கே போடக்கூடாது என்பதல்ல என் வாதம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பி.ஜே.சி.பி. என்று பீர் நடுவர்களுக்கான ஒரு அமைப்பு 1985லிருந்து இருக்கிறது. அவர்களும் ஐம்பதுக்குத்தான் போடுகிறார்கள். ஆனால் பெயர் தெரியாமல், ஒரே வகை பீர்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து. கேள்வியும் "எனக்குப் பிடித்ததா" என்பதில்லை, "இது ஒரு நல்ல பில்ஸ்னர்தானா" என்பது. இங்கிலாந்தில் காம்ரா அமைப்பு இதேபோல் பெயர் மறைத்து வருடாவருடம் ஒரு சாம்பியனைத் தேர்ந்தெடுக்கும். 2009ல் அதை ஜெயித்தது ரட்கேட் ரூபி மைல்ட், வெறும் 4.4 சதவீதம். டிமோதி டெய்லரின் லாண்ட்லார்ட், 4.3 சதவீதம், அதே பட்டத்தை நான்கு முறை ஜெயித்திருக்கிறது. போனை மூடிவிட்டு நாக்கைத் திறந்தால் சாது பீர்களும் ஜெயிக்கும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். நம் ஆட்களின் ஸ்டார் பட்டியலில் இவற்றை எங்கே தேடுவது, சொல்லுங்கள்.

"இதெல்லாம் பெரிய மேட்டரா, ஜாலிக்குத்தானேடா பண்றோம்" என்பது கடைசி அஸ்திரம். ஜாலிக்கென்றால் எனக்கு ஆட்சேபணையே இல்லை, ஆனால் ஜாலிக்குக் குடிப்பவன் எண்ணிக்கையைத் துரத்த மாட்டான். ஒரு நாளைக்கு ஐந்து புது "செக் இன்" போட்டால் இன்ன பேட்ஜ், இந்த வாரத்துக்குள் இன்ன வகை முடித்தால் இன்ன பேட்ஜ் என்று துரத்திக்கொண்டு, பன்னிரண்டு சதவீத ஸ்டவுட்டை ஏழாவதாக இறக்கியவனை ஆட்டோவில் ஏற்றி ஹாஸ்டலுக்குக் கொண்டு வந்து படியேற்றியது நான். அவனுக்கு அந்த ஏழாவது பீர் ஞாபகமே இல்லை. நாலரை போட்டிருந்தான்.

சரி, என்ன செய்யலாம்? ரொம்பச் சின்ன விஷயம். போனதும் ஒரே ஒரு பீர், முழு கிளாஸ். முதல் வாயில் என்ன, பாதியில் என்ன, அடியில் சூடேறிய பிறகு என்ன என்று மூன்று வரி ஒரு நோட்டில். பிடித்ததா என்று எழுத வேண்டாம், என்ன இருந்தது என்று எழுதுங்கள். கோதுமை பீரில் வாழைப்பழ வாசனை வந்தால் அது பழம் போட்டதால் இல்லை, ஈஸ்ட் செய்கிற வேலை; கூடவே கிராம்பு வாசனை இருக்கிறதா, இரண்டில் எது தூக்கல்? அடுத்த வாரம் வேறு கடையின் கோதுமை பீர். இப்போது ஒப்பிடலாம், ஒப்பிட ஏதோ இருக்கிறது. ஸ்டவுட்டையும் கோதுமை பீரையும் ஒப்பிட்டு மார்க் போடுவது இட்லிக்கும் ஜிலேபிக்கும் போட்டி வைப்பது.

அப்புறம், நாக்கு உண்மையிலேயே வேலை செய்கிறதா என்று தெரிந்துகொள்ள ஒரு பரீட்சை இருக்கிறது. மூன்று கிளாஸ். இரண்டில் ஒரே பீர், ஒன்றில் வேறு. எது எதுவென்று ஊற்றுகிறவருக்கு மட்டும் தெரியும். நிறம் காட்டிக்கொடுத்தால் கண்ணைக் கட்டிக்கொள்ளலாம். வித்தியாசமானது எது என்று மட்டும் சொல்ல வேண்டும். குருட்டாம்போக்கில் சொன்னாலே மூன்றில் ஒரு தடவை சரியாக வரும், அதனால் ஐந்து தடவை செய்ய வேண்டும்; ஐந்தும் குருட்டாம்போக்கில் சரியாக வர 243ல் ஒரு வாய்ப்புதான். கிளாஸில் ரெண்டு வாய் போதும், மொத்தச் செலவு நாலு பேருக்கு இரண்டு பிட்சர். ஒரு கடையின் லாகருக்கு 3, பக்கத்துக் கடை லாகருக்கு 4.25 என்று போட்டு, அந்த ஒன்றேகாலுக்கு மணிக்கணக்கில் விளக்கம் கொடுக்கும் என் நண்பர்கள் அனைவரையும் வருகிற ஞாயிறு மதியம் இதற்கு அழைத்திருக்கிறேன். அந்த இரண்டு லாகர்தான், போன்கள் என் பையில். ஐந்தும் சரியாகச் சொன்னால் அன்றைய பில் என்னுடையது. வருகிறேன் என்று சொன்னவர்கள் இதுவரை இரண்டு பேர். பத்து பேருக்குத் திடீரென்று அசைன்மென்ட் இருக்கிறதாம்.